கழன்றதும் கழற்றியதும்

மூன்று வருஷம் ஆகிறது. ஆடி மாதம். உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு வந்த காற்று திருப்பூர் சந்துகளுக்குள் புகுந்து, எந்தக் கதவையும் சும்மா இருக்க விடாமல் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். என்னைச் சும்மா இருக்க விடாத நாட்களும் அப்போதுதான் ஆரம்பித்தன. இதை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்து போய்விட்டேன். இது ஐந்தாவது முறை.

அனுப்பர்பாளையத்தைத் தாண்டி ஒரு சந்து. கீழே பாத்திரப் பட்டறை. மேலே, தகரக் கூரை போட்ட மாடியில், எங்கள் தையல் யூனிட். கீழே அவர்கள் தட்டத் தட்ட, மேலே நாங்கள் தைக்கத் தைக்க, நடுவில் இருக்கிற தளம் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் அதன் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடும். அந்த அதிர்வு பாதம் வழியாக ஏறி உடம்பில் தங்கிவிட்டதோ என்னவோ, வீட்டுக்குப் போன பிறகும் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

நான் அங்கே மெக்கானிக். மெக்கானிக் என்றால் எல்லாமும்தான். ஊசி மாற்றுவது, எண்ணெய் விடுவது, தேய்ந்த பெல்ட்டைத் தூக்கிப் போட்டுப் புதிது போடுவது, ஆள் வராத நாளில் உட்கார்ந்து தைப்பது. ஓனரும் நானும் ஒரு காலத்தில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தவர்கள். அவர் துணிந்து கடன் வாங்கி, பழைய பவர் டேபிள் ஒன்றை வாங்கிப் போட்டு ஓனர் ஆனார். எனக்குத் துணிச்சல் வரவில்லை, ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். அவர் ஓனர் ஆன பிறகும் என்னைக் கூப்பிடுவது ‘மாப்ள’தான்.

பவர் டேபிள் என்றால் என்ன என்று பனியன் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீளமான ஒரு மேஜை. மேலே இரண்டு வரிசையாக எட்டு மிஷின். மேஜைக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இரும்புத் தண்டு, ஷாப்ட் என்போம். ஒரே மோட்டார் ஷாப்டைச் சுற்றும். ஷாப்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட் ஏறும். இப்போது பெரும்பாலான இடங்களில் மிஷினுக்குத் தனித்தனி மோட்டார் வந்துவிட்டது. எங்களுடையது பழசு. அந்தப் பழசில் ஒரு சங்கடம். ஒருத்தியின் பெல்ட் நழுவினால் அவள் மிஷின் மட்டும் நிற்கும். அதை மாட்டுவதற்காக மோட்டாரை நிறுத்தினால் எட்டு மிஷினும் நிற்கும். எங்களுக்கெல்லாம் பீஸ் கணக்கில் கூலி. தன்னால் மற்ற ஏழு பேரின் கை நிற்பதற்கு யாருக்கும் மனசு வராது. அதனால் யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. ஓடுகிற ஷாப்டிலேயே, குனிந்து, ஒரு விரலால் பெல்ட்டைத் தள்ளி ஏற்றிவிடுவார்கள். அதை ஒரு கைப்பக்குவமாகவே நாங்கள் வைத்திருந்தோம். புதிதாக வருகிறவர்களுக்கு மற்றவர்கள் சொல்லித்தருகிற முதல் காரியமே அதுதான்.

ஒவ்வொரு மிஷினுக்கும் அடியில், பெல்ட் ஷாப்டில் சுற்றுகிற இடத்தை மறைத்து, சதுரமாக ஒரு தகரம் இருக்கும். நான்கு போல்ட் போட்டு மாட்டியிருக்கும். எண்ணெயும் பஞ்சும் அப்பி மேஜையின் அடிப்பாகம் மாதிரியே கிடக்கும், தெரியாதவர்களுக்குத் தனித் தகரம் என்றே தோன்றாது. மூன்றாவது மிஷினின் சக்கரம் தேய்ந்திருந்தது. அதனால் அதன் பெல்ட் மட்டும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை நழுவும். ஒவ்வொரு முறையும் மோட்டார் ஓட ஓடவே தகரத்தைக் கழற்ற வேண்டும், பெல்ட் ஏறியதும் மாட்ட வேண்டும். சக்கரத்தை மாற்றிவிடலாம் என்று ஓனரிடம் சொன்னேன். ஷிப்மென்ட் முடியட்டும் என்றார். அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்ணும் சலித்துக்கொண்டாள். கடைசியில் ஓனர்தான் சொன்னார், அந்தத் தகரத்தைக் கழற்றி வை, ஷிப்மென்ட் போனதும் சக்கரத்தையும் மாற்றி அதையும் மாட்டிக்கொள்ளலாம் என்று. கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். போல்ட் நான்கையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு என் பெட்டிக்குள் வைத்தேன். பத்திரமாகத்தான் வைத்தேன்.

அந்த ஷிப்மென்ட் போனது. அடுத்தது வந்தது. ஷிப்மென்ட் முடிகிற ஊரா இது?

எங்கள் யூனிட்டில் குடிதண்ணீர் ஒரு நீல டிரம்மில் இருக்கும். பனியன் கம்பெனியில் பஞ்சு பறக்காத இடம் கிடையாது. திறந்து வைத்தால் தண்ணீர் மேல் ஏடு மாதிரி படிந்துவிடும். யார் எடுத்து வைத்தார்கள் என்று தெரியவில்லை, சுவரோரம் கிடந்த தகரம் ஒரு நாள் டிரம்மின் மேல் இருந்தது. அளவாகப் பொருந்தியது. மேலே டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம். டம்ளர் இருந்து இருந்து தகரத்தின் நடுவில் துருப்பிடித்த ஒரு வட்டம் விழுந்தது. ஏழு மாதம். எல்லாரும் அந்தத் தகரத்தைத் தூக்கித்தான் தண்ணீர் குடித்தோம். நானும்.

மூன்றாவது மிஷினில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த இடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயசு. கழுத்தில் மெல்லிய கயிற்றில் சின்னச் சிலுவை. துணியின் விளிம்பைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் அவள் கை போகிற வேகத்துக்கு நூல்தான் மூச்சு வாங்கும். வாயும் அதே வேகம். இந்த ஊரில் திட்டினால்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுதாவ என்று அவள் சொன்னால், துணி மடித்து அடுக்குகிற எங்கள் கைமடி அக்கா விடமாட்டார்: “உங்கூர்ல கொஞ்சுனாக்கூட வையற மாதரயே இருக்குதுங்க அம்மிணி.” எட்டு மிஷின் சத்தத்துக்கு மேல் சிரிப்பு எழும்.

அந்த ஆடியில் ஒரு நாள், பதினொரு மணி டீ முடிந்து எல்லாரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நான் ஜன்னலோரம் நின்று ஒரு மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பெல்ட் நழுவும்போது ஒரு சத்தம் வரும். அது எனக்குப் பழக்கம். அது வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குனிந்திருப்பாள், ஏற்றிவிடுவாள். பிறகு வந்த சத்தம் பழக்கமில்லாதது. ஷாப்ட் ஒரு கணம் தயங்கியது. சுற்றுகிற இரும்பு எதையோ யோசிப்பது மாதிரி தயங்கி, பிறகு மறுபடி சுற்றியது. அவள் கத்தவே இல்லை. கைமடி அக்காதான் கத்தினார்.

சுவிட்சு கதவோரம் இருந்தது. என் இடத்திலிருந்து ஏழெட்டு எட்டு. அந்த ஏழெட்டு எட்டை நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார் நின்றதும் கீழே பாத்திரம் தட்டுகிற சத்தம் தனியாக மேலே ஏறி வந்தது. அவர்களுக்கு எதுவும் தெரியாது, தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஓனர்தான் காரை எடுத்தார். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சீட்டெல்லாம் ரத்தம் ஆனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிக்னலில் நிற்காமல், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். பின்சீட்டில் அவள் கையைப் பனியன் துணியில் சுற்றி நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கை. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் இருக்கும், மடங்காது என்றார்கள். ஓவர்லாக்கில் துணியை ஊசிக்குள் நடத்திக்கொண்டு போகிற விரல்கள் அவைதான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓனர் சுவரில் சாய்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, நீ போ. போயி அந்தத் தகரத்த மாட்டிப்போடு.”

போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், அதற்கு மூன்று வருஷமாகப் பதில் தேடுகிறேன். டிரம் மேலிருந்து டம்ளரை இறக்கினேன். தகரத்தை எடுத்தேன். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. வேஷ்டி முனையால் துடைத்தேன். மாத்திரை டப்பாவிலிருந்து போல்ட் நான்கையும் எடுத்தேன். மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து மாட்டினேன். பத்து நிமிஷம் பிடித்தது. அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை என்றுதான் ஏழு மாதம் மாட்டாமல் இருந்திருக்கிறேன். ஓனர் போனில் சொன்னபடி ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினேன்.

மிஷின்களில் இருந்த ஏழு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டபோது கைமடி அக்கா மட்டும் கேட்டார்.

“தண்ணி டிரம்முக்கு இனி என்னத்தப் போட்டு மூடறதுங்ணா?”

மாடியைவிட்டு இறங்கி, பாத்திரக் கடைகளைத் தாண்டி, எதற்கென்று இல்லாமல் நடந்தேன். எந்தக் கடை வாசலைப் பார்த்தாலும் அடுக்கடுக்காக மூடிகள். வெயில் பட்டு என்னைப் பார்த்துப் பல்லிளித்தன.

ஆஸ்பத்திரிச் செலவை ஓனர் கட்டினார். அதற்கு மேல் அவள் கைக்கு என்று ஏதாவது செய்ய வேண்டும் என்று அவள் கேட்டபோது, பார்க்கலாம் என்றார். எங்கள் யூனிட்டில் கணக்கில் காட்டியது பத்துப் பேருக்கும் குறைவு, அதனால் இ.எஸ்.ஐ. காப்பீடு எதுவும் கிடையாது. யாரோ சங்கத்துக்காரர் சொல்லி அவள் தொழிலாளர் துறையில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாள். மனுப் போட்டதும் ஓனருக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்தார். வக்கீல் வந்த பிறகு ஓனர் அழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வரிசை வீடுகளில் கடைசி அறை. இடது கையால் டீ ஊற்றிக் கொடுத்தாள், பாதி சாசரில். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. இடது கையால் போட்டுப் பழகியிருக்கிறாள். முதல் தாளில் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. கடைசித் தாளில் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தன. மனுவில் ரேகை வைக்கச் சொன்னார்களாம். படித்தவள் எதற்கு ரேகை வைக்க வேண்டும் என்று மறுத்துவிட்டாளாம்.

ஓனர் தரப்பிலிருந்து வந்த பதிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். தொழிலாளி தன் வேலை வசதிக்காகப் பாதுகாப்புத் தகட்டைத் தானே அகற்றிவிட்டு, கவனமில்லாமல் கையை விட்டதால் நேர்ந்தது என்று இருந்தது. பாதுகாப்புக்கு வைத்தது என்று தெரிந்தே ஒரு தொழிலாளி வேண்டுமென்று அதை எடுத்துவிட்டால் முதலாளி பொறுப்பில்லை என்று சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறதாம். அந்த இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

“அண்ணாச்சி, பாதுகாப்புத் தகடுன்னு எழுதியிருக்காவ. நாலு மாசம் அங்கன இருந்திருக்கேன். அது எதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்க சொல்லுங்க, அது என்னது?”

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். டீ ஆறிப்போகும் என்று குடித்தேன். குடித்து முடித்தும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அம்மிணி என்று எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எனக்கு எந்த பஸ்ஸும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டியில்தான் போயிருந்தேன். அந்த வண்டியை அவளும் பார்த்திருப்பாள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓனர் என்னைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். நான்தான் அவர் தரப்புச் சாட்சி என்றார். அந்த டேபிள் மேல் இருக்கிற கடன் இன்னும் முடியவில்லை, இதில் தோற்றால் எல்லாம் போய்விடும் என்றார். அது நடிப்பில்லை.

“நான் பொய் சொல்லச் சொல்லுல மாப்ள. தகரம் கழண்டிருந்துச்சுன்னு சொல்லு, போதும். கழண்டுதான இருந்துச்சு?”

ஆமாம், கழன்றுதான் இருந்தது. வக்கீல் அடித்து வைத்திருந்த தாளிலும் அதேதான்: ‘சம்பவத்தின்போது மேற்படி தகடு கழன்றிருந்தது.’ ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன். வலது கையால், ஐந்து விரலும் சேர்ந்து, ஒரே இழுப்பில்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. கழன்றிருந்தது. ஸ்பேனரைச் சுற்றினால் கழன்றிருந்தது, கழன்றிருந்தது என்று சுற்றியது. யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். பெல்ட் கழன்றது. கை சிக்கியது. விரல் போனது. நேரம் சரியில்லை, நடந்துவிட்டது. எல்லாம் தானாகவே நடக்கிறது, யாருமே எதுவும் செய்யவில்லை. ஆளில்லாத ஒரு மாடியில் எட்டு மிஷினும் ஒரு ஷாப்டும் தாமே ஓடி, தாமே ஒரு கையைத் தின்றுவிட்டன. நான் அந்த மாடியில் இல்லவே இல்லை. என் ஸ்பேனரும் இல்லை. ஆள் இல்லாத அந்தக் காலி இடத்தில்தான் வக்கீல் அவளைக் கொண்டுவந்து உட்கார வைக்கப்போகிறார் என்பதும் எனக்குப் புரிந்தது. புரிந்தும் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். உட்கார மட்டும் முடியவில்லை. என்ன இப்படி நடந்துக்கிட்டே இருக்கறீங்க என்று வீட்டில் கேட்டார்கள். முதுகு வலி என்றேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில். நான் சினிமாவில் பார்த்த மாதிரி கூண்டெல்லாம் இல்லை. ஒரு மேஜை, அதற்குப் பின்னால் அதிகாரி, என் வயசுக்காரப் பெண்மணி. பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஒருவர். மேலே ஒரு ஃபேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. என் கண் அந்த ஃபேனின் தண்டிலேயே போய்ப் போய் நின்றது.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். வக்கீல் நான் எடுத்த போட்டோவை அவள் முன்னால் வைத்தார். இது என்னவென்று தெரிகிறதா என்று கேட்டார். அவள் குனிந்து பார்த்தாள். தகரத்தின் நடுவில் அந்தத் துரு வட்டம் தெளிவாகத் தெரிந்தது; நன்றாகத் தெரிகிற மாதிரி எடு என்றுதானே ஓனர் சொல்லியிருந்தார்.

“தெரியும் மேடம். தண்ணி டிரம்மு மூடி.”

தட்டச்சு செய்தவர் சிரித்துவிட்டார். வக்கீல் கோபமாக, நடிக்க வேண்டாம், இது மிஷினின் பாதுகாப்புத் தகடு என்று உனக்குத் தெரியும் என்றார். அவள் போட்டோவை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். வட்டத்தின் மேல் இடது கை விரலை வைத்தாள். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்று டீ கொடுத்துவிட்டுக் கேட்டாளே ஒரு கேள்வி, அதற்கு இப்போதுதான் அவளுக்குப் பதில் கிடைத்திருந்தது. ஒரு போட்டோவிடமிருந்து.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி என் தாளைப் படித்தார். ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“கழன்றிருந்ததுன்னு போட்டிருக்கீங்க. தானா கழண்டுச்சா, யாராவது கழட்டினாங்களா?”

அவ்வளவுதான் கேட்டார். ஒரு எழுத்து வித்தியாசம். அறையில் ஃபேன் முனகியது. ஓனர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரெதிரே உட்கார்ந்து தைத்த காலத்தில் அவருக்கு ஊசி விரலில் ஏறியபோது நான் பல்லால் கடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. எதற்கு அது அப்போது வர வேண்டும்?

கழட்டுனதுங்க என்றேன். அதிலும் ஆள் இல்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அதிகாரி விடவில்லை. யார் என்றார்.

“நானுங்க. நான்தானுங்க கழட்டுனேன். இந்த அம்மிணி அப்ப வேலைக்கே வரலீங்க.”

சொன்னதும் கால் ஆடுவது நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அது நின்றதை நானே குனிந்து பார்த்தேன்.

வக்கீல் எழுந்தார். தன் சாட்சி தன் கையைவிட்டுப் போன ஆத்திரம் அவர் குரலில் இருந்தது. அப்படியென்றால் மெக்கானிக்கான நீங்கள் உங்கள் இஷ்டத்துக்குக் கழற்றியிருக்கிறீர்கள், என் கட்சிக்காரருக்கு அது தெரியாது என்றார். அவர்தான் கழற்றச் சொன்னார் என்றேன். எழுத்தில் இருக்கிறதா, யாராவது காதால் கேட்டார்களா என்றார். இல்லை. இரண்டு பேர் நின்றுகொண்டு பேசியது அது. தகடு இல்லாததே அவருக்குத் தெரியாது என்று மறுபடியும் சொன்னார் வக்கீல். நான் ஓனரைப் பார்த்தேன். அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று யோசித்துச் சொன்னதில்லை. உண்மையாகவே அது மட்டும்தான் என் வாயில் வந்தது.

“அவரும் அந்த டிரம்முலதானுங்க தண்ணி குடிப்பாரு.”

அதிகாரி ஓனர் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓனர் தலையை ஆட்டிவிட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனைக்கும் பிறகு அவர் மேல் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சம் மரியாதை அந்தத் தலையாட்டலுக்குத்தான்.

வெளியே படிக்கட்டில் காற்று. ஓனர் என்னைக் கடந்து இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பாமலே சொன்னார்.

“நாளைலருந்து நீங்க வர வேண்டாமுங்க.”

மாப்ள போய்விட்டது. இந்த ஊரில் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள் என்று அவள் சொன்னது எவ்வளவு சரி. அவள் கடைசிப் படியில் நின்றிருந்தாள். நான் கிட்டே போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. வேலையைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் அல்லவா.

“தெனமும் சாயங்காலம் அதத் தொடச்சு வைக்கது நாந்தான் அண்ணாச்சி. பஞ்சு ஒட்டியிருக்கும்லா. ரெண்டு பக்கமும் தொடைப்பேன். ஏங் காலுக்கு முன்னால இருக்க வேண்டியதத்தான் தொடைக்கேன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து உத்தரவு அவள் பக்கம் வந்தது. ஓடுகிற மிஷினுக்கு மறைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது முதலாளியின் கடமை. அங்கே ஒரு மறைப்பு உண்டு என்பதே தெரியாத தொழிலாளி அதை வேண்டுமென்று எடுத்தாள் என்று சொல்ல இடமில்லை என்று இருந்ததாகச் சங்கத்துக்காரர் சொன்னார். ஓனர் கட்டிவிட்டார். பவர் டேபிளை எடைக்குப் போட்டுவிட்டு, தனி மோட்டார் வைத்த மிஷின் நாலு வாங்கி, இன்னும் அந்த மாடியிலேயே ஓட்டுகிறாராம். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்த துணியில் குறை பார்த்துச் சொல்கிற வேலை. ஒரு முறை பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சிரித்தாள், நின்று பேசவில்லை. பேச வேண்டிய நாளில் எழுந்து போனவன் நான்தானே.

இப்போது நான் பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் மெக்கானிக். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு மிஷினாகக் குனிந்து பார்க்கிறேன். புதிதாக ஒரு டைலர் வந்தால், இது என்னது, இது எதற்கு இங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டிச் சொல்கிறேன். மெக்கானிக்குக்கு வேறு வேலை இல்லையா என்று லைனில் கேலி பேசுகிறார்கள். போன வாரம் சூப்பர்வைசர் வந்து, அஞ்சாவது மிஷின்ல பெல்ட் கவர் கழண்டு கெடக்குதுங்ணா என்றார். ஸ்பேனரோடு எழுந்த நான் அங்கேயே நின்றேன். தானா கழண்டுச்சா, யாராவது கழட்டுனாங்களா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, எதுவா இருந்தா என்னங்க, மாட்டுனாச் சரி என்றார். மாட்டினேன். ஆனால் யார் என்று அவர் வாயால் சொல்லும் வரைக்கும் அந்த இடத்தைவிட்டு என் கால் நகரவில்லை. அந்த ஒரு கேள்வியை இரண்டு விரல் போவதற்கு முன்னால் நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டியவன் என்பது, எந்த மிஷின் ஓடத் தொடங்கினாலும் இன்றைக்கும் என் பாதத்துக்கு அடியில் அதிர்கிறது.